கணக்குச் சொல்லிக் கொடுக்காத சனிக்கிழமைகள்

இஞ்சாரும் மாலினி,

இப்படித்தானே உம்மைக் கூப்பிடுவேன். நீர் அடுக்களையில் நின்றாலும் சரி, மேல்மாடியில் நின்றாலும் சரி, ஒரே குரல்தான். நீரும் நின்ற இடத்திலிருந்தே "என்ன, சொல்லுங்கோவன்" என்று கத்துவீர். போன கிழமையும் என்னை அறியாமல் ஒருதரம் கூப்பிட்டுவிட்டேன். கார்த் திறப்பைக் காணவில்லை. பிறகு பார்த்தால் அது என் கோட்டுப் பைக்குள்ளேயே கிடக்கிறது. சிரிக்காதேயும்.

உம்முடைய ஆட்டைத்திவசம், முதல் வருஷத் திதி, நல்லபடியாக முடிந்தது. ஒஷாவாவிலிருந்து உம்முடைய தங்கச்சி வந்து சமைத்தா. கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்று நான் வாயைத் திறக்க, "அக்கா வச்சிருந்தா இப்பிடிச் சொல்லுவியளே அத்தான்?" என்று கேட்டா. சொல்லியிருப்பேன் என்பது உமக்குத் தெரியும். அவவுக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது? இன்னும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனால் இந்தக் கடிதம் குழம்பைப் பற்றியது அல்ல. உம்முடைய நெற்போல் ரீமை, அந்த வலைப்பந்துப் பிள்ளைகளைப் பற்றியது. வீட்டில் இருந்து உம்மோடு தனியாகக் கதைக்க வேண்டியதை ஏன் பேப்பரில் போடுகிறேன் என்று கேட்பீர். காரணம் இருக்கிறது. எங்கள் ரெக்ஸ்டேல் பக்கம் என்னைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. அது பொய் என்பதை உமக்குச் சொல்கிற சாட்டில் ஊருக்கும் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

உமக்குத் தெரியும், சனிக்கிழமைகளில் நீர் பிள்ளைகளைப் பழக்கின அந்த ஜிம்மில் நான் புது ஆள் இல்லை. எத்தனை வருஷம் மூலையில் மடக்குக் கதிரையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட விடைத்தாள் திருத்தியிருப்பேன்! எனக்கு இருந்தது இரண்டே வேலை. வந்தவுடன் தரையில் நீல ரேப் நாடா ஒட்டுவது, போகும்போது அதை உரிப்பது. இந்த நாட்டில் எந்த ஜிம்முக்குப் போனாலும் கூடைப்பந்துக் கோடுதானே போட்டிருப்பார்கள்? நெற்போல் விளையாட வேண்டுமென்றால் எங்கள் கோட்டை நாங்களே கொண்டுபோக வேண்டும். கோல் அடிக்கிற அரைவட்டத்தைக் கயிறு பிடித்து அளந்துதான் ஒட்டுவேன் என்று நான் நிற்பேன். "முட்டை மாதிரி இருந்தாலும் விளையாடலாம், கெதியா ஒட்டுங்கோ" என்று நீர் நிற்பீர்.

அங்கே நீர் வைத்திருந்த ஒரு சட்டம்தான் எனக்கு அறவே பிடிக்காதது. கோட்டுக்குள் இறங்கினால் அக்கா இல்லை, தங்கச்சி இல்லை, மிஸ் இல்லை. பெயர் மட்டும்தான். ஆள் குறைந்த நாட்களில் நீரே அந்தப் பழைய பச்சை பிப்பை, இடத்தின் எழுத்துப் போட்ட மேற்சட்டையை, மாட்டிக்கொண்டு விங் டிபென்சில் இறங்குவீர். பன்னிரண்டு வயதுப் பெட்டை ஒன்று "மாலினி! மாலினி! இஞ்சை!" என்று தொண்டை கிழியக் கத்தும். எனக்கு மூலையில் இருந்து பேனை நழுவும். கார் ஓடும்போது கேட்டேன்: "இதென்ன பழக்கம்? நாளைக்கு அதுகள் வீட்டில தகப்பனையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்." நீர் சொன்னீர்: "பந்து கையில மூண்டு செக்கன்தான் இருக்கலாம். 'மாலினி மிஸ்' எண்டு மரியாதை குடுத்து முடியிறதுக்குள்ள விசில் அடிச்சுப்போடுவாங்கள்."

எனக்குப் பெயர் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர், கோயிலில் மாஸ்ரர், சொந்தக்காரருக்கு அத்தான், அண்ணை, அங்கிள். யோகன் என்று கூப்பிட்டது நீர் ஒருத்திதான். அதுவும் வீட்டுக் கதவைப் பூட்டிய பிறகு. ஆட்கள் முன்னால் 'இஞ்சாருங்கோ'தான். ஒரே வகுப்பில் படித்து, காதலித்துக் கட்டினோம் என்பதை எங்கள் இரண்டு வீட்டாரும் அவ்வளவு பாடுபட்டு மறைத்தார்களே!

நீர் கண்ணை மூடிய அந்த மாதமே றிஸ்னாவின் வாப்பா தொலைபேசி எடுத்தார். உம்முடைய கோல் அடிக்கிற றிஸ்னாவின் தகப்பன். ஹீற்றர் பூட்டுகிற வேலை, பெரிய வான், எங்கள் கோல் கம்பங்களை ஏற்றி இறக்குகிற மனுசன். "சேர், கம்பம் ரெண்டும் இன்னும் என்ட வான்லதான் கிடக்கு. என்ன செய்ற?" என்றார். என்ன செய்கிறது? வேறு கோச் கிடைக்குமட்டும் இரண்டு கிழமைக்கு நான் பார்க்கிறேன் என்று சொன்னேன். இப்போது இரண்டாவது பனிக்காலமும் முடிகிறது. வேறு கோச் கிடைக்கவில்லை. தேடினேனா என்று கேட்காதேயும்.

முதல் நாள் நான் செய்த வேலையைக் கேளும். பிள்ளைகள் கத்திக் கத்திப் பந்து எறிகிறார்கள். எனக்கு வகுப்புப் பழக்கம். கையைத் தட்டி "சைலன்ஸ்!" என்றேன். அவ்வளவுதான். நல்ல பிள்ளைகள், வாயை மூடிக்கொண்டு விளையாடினார்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பந்து சுவரில் போய் முட்டியது, இரண்டு பேர் தலையோடு தலை மோதினார்கள். கடைசியில் உம்முடைய சென்ரர் அபர்ணா வந்து, "சேர், லைக், கத்தாட்டி எப்பிடி பாஸ் பண்ணுறது?" என்று கேட்டாள். சத்தம் இல்லாவிட்டால் பாடம் நடக்கிறது என்று முப்பது வருஷமாக நம்பியவனுக்கு அது நல்ல அடி. அடுத்த திங்கள் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பை இரண்டிரண்டு பேராகக் கதைத்துக் கணக்குச் செய்ய விட்டேன். எனக்கு ஏதோ சுகமில்லையாக்கும் என்று பக்கத்து வகுப்பு மிஸ் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனா.

இனிக் கதைக்கு வருகிறேன். நீர் போன பிறகு ரீம் தேய்ந்து தேய்ந்து ஐந்து பிள்ளைகளில் வந்து நின்றது. ஏழு பேர் இல்லாமல் எந்தப் போட்டிக்குப் போவது? இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த சனி போனால், ஜிம் வாசலில் பதினான்கு பேர் நிற்கிறார்கள்! எனக்குக் கண் கலங்கிப்போச்சு, மெய்யாகத்தான். மாலினியின் பெயர் எவ்வளவு பெரிசு என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், வந்த புதுப்பிள்ளைகள் எல்லோரின் தோளிலும் புத்தகப் பை. ஒருத்தியிடம் ஜியோமெற்றிப் பெட்டியும் இருக்கிறது. "இதென்ன பிள்ளை?" என்று கேட்டேன். "அம்மா தந்துவிட்டவ. நீங்க நெற்போலோட மத்சும் சொல்லிக் குடுப்பீங்களாம்" என்றாள்.

விளங்கிச்சுதே? கணக்கு சேர் ரீமை எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டவுடன் எங்கள் சனம் தங்களுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டது. கணக்கு வாத்தி சும்மா பந்து எறிய வருவானே? உள்ளுக்குள் ரியூசன் நடக்கிறது, வெளியில் சொல்லமாட்டார், பள்ளிக்கூடத்தில் பிரச்சினை வரும் என்று அவர்களே காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு தாய் என்னைப் பார்த்து ரகசியமாகக் கண்ணைக் காட்டினா.

அன்றைக்கே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. பதினான்கு பிள்ளைகளைப் பார்த்த சந்தோசத்தில் நாக்கு எழவில்லை. நீராக இருந்தால் என்ன செய்திருப்பீர்? நீரும் பேசாமல் பந்தைத்தான் எடுத்திருப்பீர் என்று நினைக்கிறேன். பைகளைச் சுவரோரம் அடுக்கச் சொன்னேன். அவை அங்கேயே கிடந்தன.

அந்த அபர்ணாவைச் சொன்னேனே. உமக்கு அவளை ஜிம்மில் மட்டும்தான் தெரியும். உம்முடைய சென்ரர். மற்ற ஆறு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்து வைத்திருக்கிறவள். இந்த வருஷம் அவள் கிரேட் ஒன்பது. என் வகுப்பு. முதல் நாள் பட்டியலில் பெயரைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். ஆனால் வகுப்புக்குள் வந்தது வேறு ஆள். கடைசி வாங்கில், ஜன்னலோரப் பெஞ்சில், தலை நிமிராது. கேள்வி கேட்டால் மேசையைப் பார்க்கும். முதல் கணக்கு ரெஸ்ற்றில் பாதிப் புள்ளிக்கும் கீழே.

எனக்கு ஒரு மூளை வேலை செய்தது. கோணம் படிப்பிக்கும்போது கரும்பலகையில் நெற்போல் கோட்டைக் கீறினேன். "சென்ரர் இஞ்சை நிக்கிறா. பந்து நிலத்தில பட்டு என்ன கோணத்தில எழும்பும்?" என்று அவளைப் பார்த்துச் சிரித்தேன். பிள்ளை சிவந்துபோனாள். மணி அடித்த பிறகு என் மேசைக்கு வந்தாள்.

"சேர், பிளீஸ், நெற்போலை கிளாசுக்குள்ள கொண்டு வராதீங்கோ."

"ஏன் பிள்ளை? உமக்கு விளங்கும் எண்டுதானே..."

"நெற்போல்ல நான் குட். மத்ஸ்ல நான் பாட். ரெண்டையும் மிக்ஸ் பண்ணினா எனக்கு அதுவும் போயிடும்."

அதைச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் பலகையில் இருந்த கோட்டை அழித்தேன். எத்தனை பயிற்சிப் பட்டறைக்குப் போயிருப்பேன், பிள்ளைக்குப் பிடித்ததை வைத்துப் பாடத்தைச் சொல்லு என்று எல்லோரும் ஓதினார்கள். பிள்ளைக்குப் பிடித்ததைப் பாடம் தின்றுவிடுமோ என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் அவளை இரண்டு இடத்திலும் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். ஜிம்மில் அவள் பிழை விடாதவள் இல்லை. எத்தனை பாஸ் எதிராளியின் கையில் போய் விழுகிறது! ஆனால் அவளுக்கு அதை நினைத்து அழ நேரம் இல்லை. யாரோ "அபர்ணா!" என்று கத்துவார்கள், பந்து திரும்பி வந்துவிடும். வகுப்பில் பிழை விட்டால் நான் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். பந்து திரும்பி வராது. அந்த வட்டத்தோடு பிள்ளை வருஷம் முழுக்க இருக்க வேண்டியதுதான்.

இப்போது வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் வகுப்பறை திறந்திருக்கும். எந்தப் பிள்ளையும் வந்து எந்த ரெஸ்ற்றையும் திரும்ப எழுதலாம். கூடின புள்ளிதான் கணக்கு. நெற்போல் என்ற சொல்லை அங்கே நான் எடுப்பதே இல்லை. முதல் இரண்டு வியாழனும் நான் தனியே இருந்து பாண் சாப்பிட்டேன். மூன்றாவது வியாழன் அபர்ணா வந்து கதவடியில் நின்றாள்.

ஆனால் மாலினி, வகுப்பறையை விட்டுக்கொடுக்கவும் நான் தயாரில்லை, கேட்டீரோ. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கதிரை உண்டு. உம்முடைய விளையாட்டில் ஏழு பேர் உள்ளே, மற்றப் பிள்ளைகள் வாங்கில். அந்த வாங்கில் இருக்கிற முகங்களை என்னால் பார்க்க முடியவில்லை. ஆகவே வாத்தி மாதிரி எல்லோருக்கும் சமமாக நேரம் பிரித்துக் கொடுத்தேன். நல்லாய்த் தோற்றோம். "சேர், திஸ் இஸ் நொட் கிளாஸ்" என்று றிஸ்னா கோபித்துக்கொண்டு இரண்டு கிழமை முகம் தரவில்லை. இதற்கு எனக்கு இன்னும் விடை தெரியாது. நீர் எப்படிச் சமாளித்தீர்? வாங்கில் இருந்த பிள்ளையின் பக்கத்தில் போய் இருந்து ஏதோ காதுக்குள் சொல்வீரே, என்ன சொன்னீர்?

மாசி மாதம் ரிப்போட் கார்ட் வந்தது. அந்தச் சனிக்கிழமை அம்மாமார் ஐந்தாறு பேர் காரை விட்டு இறங்கி ஜிம் வாசலுக்கு வந்தார்கள். வழக்கமாக அவர்கள் இறங்குவதில்லை. பிள்ளையை இறக்கிவிட்டு, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, காருக்குள் இருந்தே லண்டனுக்கும் பாரிசுக்கும் கதைப்பார்கள். முன்னுக்கு வந்தவ வசந்தி, அபர்ணாவின் அம்மா. மருந்துக்கடையில் வேலை, நியாயமாகக் கதைக்கிற மனுசி.

"சேர், குறை நினைக்காதேங்கோ. இவ்வளவு மாசமா அனுப்புறம், பிள்ளையளின்ர கணக்கு ஏறக் காணேல்லை."

"வசந்தி, இஞ்சை கணக்கு..."

"இல்லை சேர், நீங்கள் விளையாட்டுக்கும் நேரம் குடுக்கோணும், எங்களுக்கு விளங்குது. அதுதான் நாங்கள் எல்லாரும் கதைச்சு ஒரு முடிவு எடுத்தனாங்கள். முதல் அரை மணித்தியாலம் கணக்கு, பேந்து விளையாட்டு. நீங்கள் ஓம் எண்டால் இன்னும் நாலைஞ்சு பிள்ளையள் வர ரெடி. இல்லாட்டி வேற ரியூசனுக்குத்தான் போடோணும். சனிக்கிழமை எண்டு ஒண்டுதானே சேர் இருக்கு?"

எவ்வளவு சுகமான வழி பாரும்! அரை மணித்தியாலம் கணக்குச் சொல்ல எனக்கு என்ன கஷ்டம்? நித்திரையிலும் சொல்வேன். பதினான்கு பதினெட்டாகும். பொய் என்று நான் பயந்துகொண்டிருந்தது அந்த நிமிசத்திலேயே உண்மையாகிவிடும். உம்முடைய ரீம் பல வருஷத்துக்கு நிற்கும். வாயில் ஓம் வந்துவிட்டது, சத்தியமாக. அப்போது வசந்திக்குப் பின்னால் கதவு பாதி திறந்திருந்தது. அபர்ணா பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"இல்லை" என்றேன்.

"என்ன சேர்?"

"இல்லை வசந்தி. இஞ்சை ஒரு நாளும் கணக்கு நடக்கேல்லை. நான் சொல்லிக் குடுக்கேல்லை, இனியும் குடுக்கமாட்டன். முதலே சொல்லியிருக்கோணும், பிள்ளையள் வந்த சந்தோசத்தில பேசாமல் இருந்திட்டன். கணக்கு வேணுமெண்டால் வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில கதவு திறந்திருக்கு. இது விளையாட்டு மட்டும்தான்."

மாலினி, நான் நல்லாய் வாங்கிக் கட்டினேன். "அப்ப ஏன் சேர் இவ்வளவு நாளும் எங்களை ஏமாத்தினீங்கள்?" என்று ஒருத்தி கேட்டா. நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது, என் குணம் தெரியும்தானே. "ஏமாத்தேல்லை! பிள்ளையள் உள்ளுக்க என்ன செய்யினம் எண்டு நீங்கள் ஒருத்தர் எண்டாலும் இறங்கி வந்து பாத்தனீங்களே? அடுத்த சனி காரை நிப்பாட்டிப்போட்டு உள்ளுக்க வாங்கோ. பாத்திட்டு நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ" என்று கத்திவிட்டேன். இரவு வீட்டுக்கு வந்து உம்முடைய படத்துக்கு முன்னால் நின்று, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் மாலினி என்று அழுதேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அடுத்த சனி ஒரு சிநேகப் போட்டி ஏற்பாடாகியிருந்தது. பிரம்டனில் இருக்கிற ஜமெய்க்காக்காரரின் ரீம். அவர்களின் கோச் மிஸிஸ் கார்மனை நினைவிருக்கும், விசில் ஊதினால் காது அடைக்கும். அவவின் ஏழு பிள்ளைகளும் முழு உடுப்போடு வந்து குதித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் முழங்காலில் நின்று ரேப் ஒட்டிக்கொண்டே வாசலைப் பார்க்கிறேன். றிஸ்னா வந்தாள், கம்பங்களோடு வாப்பாவும் வந்தார். பழைய பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். கடைசியாக அபர்ணா. ஐந்து பேர். புதுப்பிள்ளைகள் ஒருத்தரும் இல்லை. தொடங்கின இடத்துக்கே வந்துவிட்டோம்.

ஆனால் அபர்ணாவுக்குப் பின்னால் வசந்தி வந்தா. கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றா. "பாக்கச் சொன்னீங்கள், பாக்க வந்தனான்" என்றா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஐந்து பேர்தான் இருக்கிறோம், மன்னிக்க வேண்டும் என்று மிஸிஸ் கார்மனிடம் போய்ச் சொன்னேன். அவ என்னையும் வசந்தியையும் ஏற இறங்கப் பார்த்தா. இரண்டு பேர் சும்மாதானே நிற்கிறீர்கள், இதென்ன உலகக் கிண்ணமா என்று சிரித்துவிட்டு விசிலைக் கையில் எடுத்தா. மாலினி இருந்திருந்தால் இந்நேரம் உள்ளே இறங்கியிருப்பாள் என்றும் சொன்னா.

வசந்தி குனிந்து பனிச் சப்பாத்தைக் கழற்றினா. றிஸ்னாவிடம் இருந்த இன்னொரு சோடிச் சப்பாத்து அளவாக இருந்தது. "விங் அற்ராக் ஆர்? ஒருத்தரும் இல்லையோ? தா" என்று பிப்பை வாங்கி மாட்டினா. அபர்ணா வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள். "அம்மா, உங்களுக்குத் தெரியுமா?" வசந்தி சொன்னா: "ஊரில பள்ளிக்கூட ரீமில விளையாடினனான். வலிகாமம் முழுக்கத் தெரியும். நீ கேட்டனியே ஒருநாளெண்டாலும்?"

எஞ்சியிருந்தது நான். பைக்குள் கையை விட்டேன். அடியில் அந்தப் பச்சை பிப்தான் கிடந்தது, எழுத்துப் பாதி உரிந்து. நீர் போன பிறகு பிள்ளைகள் ஒருத்தரும் அதைத் தொடவில்லை என்பது எனக்குத் தெரியும். தோய்த்து மடித்து நான்தான் வைத்திருந்தேன். ஐந்து பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். எனக்கு அது இறுக்கமாகத்தான் இருக்கும், வயிறு உம்முடையதை விடப் பெரிசுதானே. மாட்டினேன்.

விளையாட்டைப் பற்றி என்ன சொல்ல? ஆடமாட்டாதவன் அரங்கு கோணல் என்றானாம். நான் ஒட்டின கோடு நேராகத்தான் இருந்தது, அதனால் அந்தச் சாட்டும் எனக்கு இல்லை. முதல்தரம் பந்து என் கைக்கு வந்ததும், யாருக்கு எறிந்தால் நல்லது என்று நிதானமாக ஆராய்ந்தேன். விசில். மூன்று செக்கன் முடிந்துவிட்டது. பந்து போய்விட்டது, எதிர்ப்பக்கம் கோலும் அடித்துவிட்டார்கள். இத்தனை பேர் முன்னால் பிழை விட்டு எத்தனை வருஷம்! காது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என் வகுப்பில் கடைசி வாங்கில் அபர்ணா எப்படி இருப்பாளோ, அப்படியே நின்றேன்.

அப்போது மறுபடி பந்து வந்தது. எப்படி வந்தது, யார் எறிந்தது, தெரியாது. கையில் இருக்கிறது. நடுக் கோட்டிலிருந்து ஒரு குரல்:

"யோகன்! யோகன்! இஞ்சை!"

அபர்ணாதான். உம்முடைய சட்டம். கோட்டுக்குள் சேர் இல்லை. என் பெயர் அவளுக்கு எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். "மாலினி ஒருக்கா உங்களை அப்பிடிக் கூப்பிட்டவ, ரேப் உரிக்கேக்க. அவக்கு நாங்கள் நிண்டது தெரியாது" என்றாள். ஆனால் அந்த நேரம் எனக்கு ஒன்றும் யோசனை இல்லை. நீர் போன பிறகு அந்தப் பெயரை ஒருத்தரும் சொல்லி நான் கேட்கவில்லை. எறிந்தேன். அவள் பிடித்தாள், திரும்பிப் பார்க்காமலே "வசந்தி!" என்று கத்தித் தாய்க்குக் கொடுத்தாள், தாய் வாங்கி றிஸ்னாவுக்குக் கொடுத்தா, றிஸ்னா போட்டாள். சுவரோரம் நின்ற வாப்பா துள்ளிக் குதித்தார்.

தோற்றுத்தான் போனோம். எத்தனைக்கு எத்தனை என்று கேட்காதேயும், கணக்கு வாத்தி எனக்கே எண்ண வெட்கம். வசந்தி மூச்சு வாங்கிக்கொண்டு வாங்கில் இருந்தா. முகமெல்லாம் சிவப்பு. "என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுறாள் பாருங்கோ சேர், வீட்ட வரட்டும்" என்றா. சொல்லிவிட்டுத் தானே சிரித்தா. ரேப் உரிக்கும்போது என் பக்கத்தில் வந்து குந்தி அவவும் உரித்தா. "வியாழக்கிழமை எத்தினை மணிக்கு சேர் அந்தக் கதவு திறக்கிறது?" என்று கேட்டா.

இப்போது ஒன்பது பிள்ளைகள். பதினான்கு பேரும் வரவில்லை. அந்த ஜியோமெற்றிப் பெட்டிப் பிள்ளை ரியூசனுக்கே போய்விட்டது, அங்கே சந்தோசமாக இருக்கட்டும். ஆனால் வருகிற ஒன்பது பேரும் புத்தகப் பை இல்லாமல் வருகிறார்கள். பார்க்கிங்கில் கார்கள் நிற்கின்றன, அவற்றுக்குள் ஆட்கள் இல்லை. அம்மாமார் நாலு பேர் சுவரோரம் நிற்கிறார்கள். ஆள் குறைந்தால் யார் இறங்குவது என்று அவர்களுக்குள்தான் இப்போது இழுபறி. அபர்ணாவின் கணக்கு ஏறியிருக்கிறது. கொஞ்சம்தான். ஆனால் வகுப்பில் தலை நிமிர்ந்திருக்கிறது. போன செவ்வாய் நான் பலகையில் ஒரு பிழை விட, கடைசி வாங்கிலிருந்து "சேர்!" என்று கத்தினாளே ஒரு கத்து! பக்கத்து வகுப்பு மிஸ் திரும்பவும் வந்து எட்டிப் பார்த்தா.

ஆகவே மாலினி, ஊர் அறிய உமக்கு வாக்குத் தருகிறேன். சனிக்கிழமைகளில் நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கமாட்டேன், யார் வந்து கேட்டாலும். வாங்கில் இருக்கிற பிள்ளையின் காதுக்குள் நீர் என்ன சொன்னீர் என்பதைக் கண்டுபிடிக்குமட்டும் அந்த வாங்கில்தான் நானும் இருப்பேன். அரைவட்டத்தை மட்டும் கயிறு பிடித்துத்தான் ஒட்டுவேன், அதில் என்னோடு வாதாட வராதேயும். ஆள் குறைந்தால் பச்சை பிப்பை நானே போடுவேன். பந்து வந்தால் யோசிக்கமாட்டேன். யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

ஊருக்கு சேர், ஆட்கள் முன்னால் உமக்கு 'இஞ்சாருங்கோ',
சனிக்கிழமைகளில் கோட்டுக்குள்ளே,
உம்முடைய யோகன்.